எந்த லி?

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் இருபத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து கத்துகிறவளுக்கு மைக் எதற்கு என்பது அங்கே பழகிப்போன கேலி. மின்சாரம் நின்றுபோன நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அறிவிப்பாள். கடைசி நடைமேடையில் நிற்கிறவர்கள்கூடச் சரியான பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ல, ள, ழ மூன்றையும் மூன்றாகச் சொல்லத் தெரிந்த வாய் அந்த நிலையத்தில் அது ஒன்றுதான். அவளுக்குக் கண் தெரியாது என்பது அறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவள் வெறும் குரல்.

அந்தக் குரலில் விழுந்தவர்தான் ஆபரேட்டர். பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் வேலை. நோயாளியோடு வந்தவர்கள் யாரோ ஊர் திரும்ப வண்டி நேரம் கேட்க, அவர் நிலையத்துக்கு போன் போட்டார். அவள் நேரத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"மேடம், உங்க குரலுக்கு டெலிபோன் எதுக்கு? ஜன்னலைத் திறந்து பேசுங்க, இங்க வரைக்கும் கேக்கும்."

அவள் பட்டென்று வைத்துவிட்டாள். மறுநாளும் அவருக்கு வண்டி நேரம் தேவைப்பட்டது. அதற்கு மறுநாளும். இப்படி ஒரு மனுஷன் எங்கேயும் போகாமல் எல்லா ஊருக்கும் வண்டி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. அவருக்கும் கண் தெரியாது என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கல்யாணமான முதல் வாரத்திலேயே பட்டப்பெயர் வைத்துவிட்டார். ஒலிபெருக்கி. கொஞ்ச நாளில் அது தேய்ந்து 'ஒலி' ஆகிவிட்டது. "ஒலி, சாவி எங்க?" "ஒலி, மெதுவா. அடுத்த தெருவுக்கும் சேர்த்தா சொல்ற?" மெதுவா, மெதுவா என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அடுத்தவர் முன்னால் மட்டும் அந்தப் பெயர் வாயில் வராது, வெறும் "ஏம்மா"தான். அவர் கூடப்பிறந்த தங்கைக்கே அது தெரியாது. நாலு சுவருக்குள் இரண்டு பேர் மட்டும் அறிந்த பெயர் அது.

பதினாலு மாதத்துக்கு முன்னால், ஒரு காலையில், செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். தண்டுவடம் மூளையோடு சேரும் இடத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். கை இல்லை, கால் இல்லை, நாக்கு இல்லை. கண் இமைகூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"உள்ள முழு நினைவோட இருக்கார்மா. நீங்க பேசறது எல்லாம் கேக்குது, புரியுது. வெளிய சொல்லத்தான் வழி இல்ல" என்றார் டாக்டர்.

அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடியில், ஓரக் கட்டிலில் போட்டார்கள். வேலை முடிந்ததும் அவள் நேரே அங்கே போவாள். முதல் சில மாதங்கள் பேசித் தீர்த்தாள். எந்த வண்டி தாமதம், எந்த டிரைவர் யாரோடு சண்டை, வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பதில் வராத போனில் ஒருத்தி எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பாள்? பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டாள். பகல் முழுக்க ஊருக்கே வழி சொல்கிற வாய், அந்தக் கட்டில் பக்கத்தில் வந்ததும் மூடிக்கொண்டது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் அவளை ஒலி என்று கூப்பிட வேண்டும்.

மூன்றாம் மாடியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்று நர்ஸ் சொல்லித்தான் தெரியும். தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்களாம். அதில் இருக்கும் கம்பிகள் மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பிடித்துக் கணினிக்குச் சொல்லுமாம். வாய் பேச முடியாதவர்கள் நினைப்பாலேயே எழுதலாமாம். அவள் கைத்தடியைத் தட்டிக்கொண்டு படியேறிவிட்டாள்.

அங்கே பொறியாளர் ஓர் இளம்பெண். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக மன்னிப்புக் கேட்பாள். விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"சாரிம்மா. நோயாளிக்கு இயல்பான பார்வை இருக்கணும்னு போட்டிருக்கு."

"எதுக்கு?"

"திரையில எழுத்தெல்லாம் மின்னி மின்னி வரும். அவங்க தனக்கு வேணுங்கற எழுத்தையே பாத்துட்டு இருக்கணும். அது மின்னும்போது மூளையில ஒரு துள்ளல் வரும். அதைத்தான் தொப்பி பிடிக்கும்."

"அப்ப காதுல சொல்லுங்க. காது துள்ளாதா?"

"காதுலயும் செய்யலாம்தான். ஆனா தமிழ்ல இருநூத்து நாப்பத்தேழு எழுத்து இருக்கேம்மா. ஒவ்வொண்ணா சொல்லி முடிக்கறதுக்குள்ள அவர் தூங்கிடுவார்."

"உங்களுக்குத்தான் இருநூத்து நாப்பத்தேழு. எங்களுக்கு ஆறே புள்ளி."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க" என்றாள்.

பிரெய்லில் எந்த எழுத்தும் ஆறு புள்ளிக்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் மேல், நடு, கீழ் என்று மூன்று. வலப்பக்கம் அதே போல மூன்று. எந்தெந்தப் புள்ளி இருக்கிறது என்பதுதான் எழுத்து. உயிர்மெய்யை இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள், கி என்றால் க, பிறகு இ. ஆகவே ஆறு ஓசை போதும். இடது காதில் மூன்று, வலது காதில் மூன்று: மேல் புள்ளிக்கு மணி, நடுப் புள்ளிக்கு மரத்தைத் தட்டுகிற சத்தம், கீழ்ப் புள்ளிக்கு 'தும்' என்று ஒரு மேளச் சத்தம். இந்த ஓசைகளைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். பொறியாளர் முதலில் கொண்டுவந்த ஓசைகளைக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒண்ணு மாதிரியே கொசு கத்துதே" என்று தள்ளிவிட்டாள். இரண்டு மாதம் மாற்றி மாற்றிச் செய்தார்கள். விண்ணப்பத்தில் இருந்த அந்த ஒரு வரியைப் பொறியாளர் தன் கையாலேயே அடித்தாள். அடிக்கும் சத்தத்தை அவள் கேட்டாள்.

முதல் நாள் ஆபரேட்டர் தலையில் தொப்பியை மாட்டி, காதில் ஹெட்போனை வைப்பதற்கு முன்னால், அவள் குனிந்து அவரிடம் சொன்னாள்.

"ஏங்க, ஆறு புள்ளிக்கு ஆறு சத்தம் வரும். மேல மணி, நடுவுல மரம், கீழ மேளம். நீங்க எழுதற மாதிரி நினைச்சுக்கோங்க. எந்தப் புள்ளியைக் குத்துவீங்களோ, அந்தச் சத்தத்தை மட்டும் காது குடுத்துக் கேளுங்க. புரிஞ்சுதா?"

பதில் வராது என்று தெரிந்தும் கேட்டாள். அதற்குப் பிறகு அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. வேறு சத்தம் கேட்டால் மூளை அதற்குத் துள்ளிவிடுமாம். அவள் மூலையில் ஒரு நாற்காலியில், ஊமை போல, வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தாள்.

முதலில் 'ச' எழுதச் சொன்னார்கள். வந்துவிட்டது. பொறியாளர் கைதட்டப் போய், விதி ஞாபகம் வந்து, காற்றிலேயே கையை நிறுத்திக்கொண்டாளாம். அதோடு சரி. அடுத்து 'ப' எழுதச் சொன்னால் ஒன்றுமே வரவில்லை. 'த' கேட்டால் 'ஊ' வந்தது. 'வ' கேட்டால் 'ண' வந்தது. பத்து எழுத்துக்கு இரண்டு தேறினால் பெரிய காரியம்.

"களைச்சுப் போயிடறார்னு நினைக்கறேன். சிக்னல் நிலையா இல்ல" என்றாள் பொறியாளர்.

சரி, அவராகவே எதையாவது எழுதட்டும் என்று விட்டார்கள். ஓர் எழுத்துக்கு ஒன்றரை நிமிஷம். கால்மணி நேரம் கழித்துப் பொறியாளர் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, எழுதிட்டார்மா! 'ஒலி'ன்னு எழுதியிருக்கார்!"

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில், தொப்பி அவள் தலையில் இருந்திருந்தால் கணினி உடைந்திருக்கும். எழுந்து நின்றுவிட்டாள். பிறகு, இருபத்தொன்பது வருஷத்துப் பழக்கம், கேட்டுவிட்டாள்.

"எந்த லி?"

"வெளிச்சம்மா. குண்டு ளி. எனக்கு நாக்கு சரியா வராது, சாரி."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி அன்றைக்கே மாடி மாடியாகப் பரவியது. பார்வை இல்லாத மனுஷன், பேச்சும் போன மனுஷன், முதல் வார்த்தையாக ஒளி கேட்டிருக்கிறார்! நர்ஸ்கள் அழுதார்கள். துறைத் தலைவர் அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். நாத்தனார் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன் வெளிச்சம் கேக்கறாருங்க அண்ணி! மனசுக்குள்ள எவ்வளவு ஏங்கியிருந்தா! நான் நல்ல கண் டாக்டரா விசாரிக்கட்டுமா?"

"பொறந்ததுல இருந்து இல்லாத கண்ணுக்கு இப்ப எதுக்கு டாக்டர்? நீ முதல்ல மூக்கைச் சிந்து."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு மனசு ஆறவில்லை. அவளுக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சலில்தான் பார்வை போனது. வெளிச்சம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மங்கலாக ஞாபகம் உண்டு. அவருக்கு அந்த ஞாபகமும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டார், "வெளிச்சம்னா எப்படி இருக்கும்?" அவள் யோசித்து, "வீட்ல ரேடியோவை உரக்க வச்சா மூலை முடுக்கெல்லாம் நிறையுமில்ல, அது மாதிரி" என்றாள். "அப்ப நம்ம வீட்ல தேவைக்கு மேலயே இருக்கு" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை.

அப்படியானால் மனசுக்குள் மறைத்து வைத்திருந்தாரா? அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவளிடம் சொல்லாமல், வேறொன்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாரா? வாய் போய், கை போய், கடைசியில் ஒரு வார்த்தை எழுத வழி கிடைத்தபோது, அதில் அவள் இல்லை. அவளுக்கு வெளிச்சத்தின் மேல் பொறாமையாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில், பார்த்து ஐம்பது வருஷமான ஒன்றின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் முன்பு போல அழுத்திப் பிடிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் ஆபரேட்டர் வேறு எதையும் எழுதவில்லை. துறைத் தலைவர் முகம் சுளித்தார். ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி ஓடாது. மாதக் கடைசிக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் தொப்பி அடுத்த நோயாளிக்கு, அதாவது கண் தெரிந்த ஒருவருக்கு, போய்விடும். இதைச் சொல்லப் பொறியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். மாதத்தில் நாலு நாள் பாக்கி இருந்தது.

"நான் எவ்வளவோ பாத்துட்டேன்மா. திரும்பத் திரும்ப அதேதான் வருது. 'ஒளே', அப்புறம் நாலஞ்சு குப்பை எழுத்து. அஞ்சு தடவை எழுதினார், அஞ்சு தடவையும் அப்படியே."

"என்னது? ஒளேயா?"

"ஆமா."

"ஒளின்னு சொன்னீங்களே!"

"அது கம்ப்யூட்டர் திருத்தினதும்மா. ஒளேன்னு வார்த்தையே இல்லையே. அகராதியில பக்கத்துல இருக்கற வார்த்தையை எடுத்துக்கும்."

அறிவிப்பு அறையின் குரல் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த மாடியில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, முப்பது வருஷம் டெலிபோன்ல வந்த சேதியை ஓர் எழுத்து மாறாம குறிச்சுக் குடுத்த மனுஷன் அவர். அவர் எழுத்தைத் திருத்த உங்க அகராதி யாரு? அஞ்சு தடவையும் ஒரே தப்பு வந்தா அது தப்பே இல்ல. எனக்கு வார்த்தை வேண்டாம். எந்தக் காதுல எந்தச் சத்தத்துக்குத் துள்ளினார்னு மட்டும் சொல்லுங்க."

அவள் பையில் அவருடைய பிரெய்ல் சிலேட் எப்போதும் இருக்கும். அவர் செய்தி குறித்தது அதில்தான். காகிதத்தைச் சட்டத்துக்குள் செருகிக்கொண்டு, ஊசியைப் பிடித்தாள்.

"சொல்லுங்க."

"முதல் எழுத்து, ரெண்டு காதுலயும் மேல, கீழ."

குத்தினாள்.

"ரெண்டாவது, வலது காதுல மூணும்."

வலப்பக்கம் மூன்றும் குத்தினாள். கை அங்கேயே நின்றுவிட்டது. கை யோசிக்கிறதா, அவள் யோசிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மூணாவது?"

"வலது நடு. இடது மேல."

சிலேட்டில் எழுதும்போது காகிதத்தின் பின்பக்கமாகக் குத்த வேண்டும், அதுவும் வலமிருந்து இடமாக. குத்தின புள்ளி மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். எடுத்துத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாக வாசிக்க முடியும். ஆகவே எழுதுகிற கைக்கு எல்லாமே இடம் வலம் மாறித்தான் இருக்கும். வாசிக்கும்போது இடப்பக்கம் மூன்று புள்ளி நின்றால் அது ல, வலப்பக்கம் மூன்று நின்றால் ள. எழுதும்போது அதே ல வலப்பக்கம். இகரமும் ஏகாரமும் அப்படியே ஒன்றுக்கொன்று மாறும். பார்வையற்றோர் பள்ளியில் முதல் வருஷத்தில் ல-வும் ள-வும் மாறாத பிள்ளை கிடையாது. பொறியாளர் பார்த்துக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்த பிரெய்ல் அட்டையோ வாசிக்கிறவர்களுக்கானது.

எழுதற மாதிரி நினைச்சுக்கோங்க என்று அவரிடம் சொன்னது யார்? அவள்தான். சொன்னபடியே அவர் எழுதியிருக்கிறார், பின்பக்கமாக, வலமிருந்து, முப்பது வருஷம் எழுதிய அதே கையோடு. இடம் வலம் மாறினாலும் மாறாமல் நிற்கிற எழுத்து ஒன்றிரண்டு உண்டு. 'ச' அதில் ஒன்று. அதனால்தான் முதல் நாள் அது மட்டும் பிசகாமல் வந்தது.

அவள் காகிதத்தை உருவித் திருப்பினாள். விரலை வைத்தாள்.

ஒ. லி.

பொறியாளர் ஏதோ கேட்டாள். அவள் காதில் விழவில்லை. சின்ன லி, மெலிந்த லி, அவளுடைய லி. மூன்று வாரமாக அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் இரண்டடி தூரத்தில், மூலை நாற்காலியில், வெளிச்சத்தின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்தக் குப்பை எழுத்தெல்லாம் சொல்லுங்க" என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

பொறியாளர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் காகிதத்தை மறுபடி செருகிக் குத்தினாள். ஊசி இரண்டு தடவை நழுவியது. எடுத்துத் திருப்பி, விரலால் தடவினாள். ஒரு ப, ஓர் ஏகாரம், ஒரு ச, ஓர் உகரம்.

ஒலி பேசு.

வாழ்நாளெல்லாம் மெதுவா, மெதுவா என்று அவள் வாயை அடக்கின மனுஷன் கேட்டிருக்கிறார். அவள் பேச்சை நிறுத்தினது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போதவில்லை. அவர் இருக்கிற இடத்தில் அவளுடைய குரல்தான் அவள், அதை அவள் கொடுக்காமல் இருந்திருக்கிறாள்.

அவள் அழுதாள். பொறியாளரும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அழுகையும் மன்னிப்புமாகவே கணினியில் இடது காதையும் வலது காதையும் மாற்றிப் போட்டாள். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே ஆபரேட்டரை மேலே கொண்டுவந்தார்கள். தொப்பி மாட்டியாயிற்று. ஹெட்போனை வைக்கப் போன பொறியாளரின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் இரும்மா. முதல்ல நான்."

என்ன பேசுவது? ஐந்தாறு மாதத்துப் பேச்சு பாக்கி. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. யோசிக்காமல் வந்துவிடக்கூடியது அவளிடம் ஒன்றுதான் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, ஆரம்பித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

கண்ணாடி டம்ளர் ஒன்று மேசையில் கிணுகிணுத்தது. நடைமேடை ஒன்றில் தொடங்கி, எந்த வண்டி எத்தனை மணிக்கு, எது தாமதம், எது ரத்து என்று அன்றைய நாள் முழுவதையும் அறிவித்தாள். நடுநடுவே டிரைவர் சண்டையும் வந்தது, வீட்டுக் குழாயும் வந்தது, நாத்தனார் கண் டாக்டர் தேடின கதையும் வந்தது. கீழ் மாடியிலிருந்து யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். பொறியாளர் திறக்கவில்லை. கணினியில் கோடுகள் எல்லாம் எழும்பிக் குதிக்கின்றன என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

மூச்சு வாங்குவதற்கு அவள் நிறுத்தினபோது ஹெட்போனை வைத்தார்கள். யாரும் பேசவில்லை. பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அதற்குள் அவள் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது என்று ஒரு நூறு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு கணினி, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத தன் தட்டைக் குரலில், ஒரே ஒரு வார்த்தையை வாசித்தது.

"மெதுவா."

அவள் எழுந்து போய் அவர் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனைத் தானே கழற்றினாள்.

"முடியாதுங்க" என்றாள். அடுத்த தெருவுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.